பேதி மாத்திரைக்குள் இருக்கும் தூத்துக்குடி இலை: நிலாவாரை யாருக்கு நல்லது? யாருக்கு ஆபத்து?

மலச்சிக்கலுக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் மாத்திரை, ‘ஒரே வாரத்தில் தொப்பை குறையும்’ என்று விற்கப்படும் மூலிகை டீ... இவற்றில் பலவற்றுக்குள்ளும் இருப்பது ஒரே செடியின் இலைதான். அதன் பெயர் நிலாவாரை. ஆங்கில மருத்துவத்தில் சென்னா.

தூத்துக்குடிக்கு என்ன தொடர்பு?

அரேபியா, வடகிழக்கு ஆப்பிரிக்கா பக்கத்துச் செடி இது. தூத்துக்குடி, திருநெல்வேலி, ராமநாதபுரம் மாவட்டங்களின் மானாவாரி நிலத்தில் நன்றாக வேரூன்றிவிட்டது. காய்ந்த இலையும் காயும் முத்துநகர் துறைமுகம் வழியாகப் பல நாடுகளுக்குப் போகின்றன. உலகச் சந்தையில் இதற்கு ‘டின்னவேலி சென்னா’ என்றுதான் பெயர். 1986 வரை தூத்துக்குடியும் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியின் பெயரில் ‘கே.கே.எம். 1’ என்ற நிலாவாரை ரகமே உண்டு. சித்த மருத்துவத்தில் இதே இலை நிலவாகைச் சூரணமாகிறது.

வயிற்றுக்குள் என்ன நடக்கிறது?

இலையில் உள்ள முக்கியப் பொருள் சென்னோசைடு. 1941ல் இது தனியாகப் பிரித்தெடுக்கப்பட்டது. இரைப்பையிலும் சிறுகுடலிலும் இது பெரிதாக எதுவும் செய்யாது. பெருங்குடலுக்குப் போனதும் அங்குள்ள பாக்டீரியாக்கள் இதை உடைத்து, ‘ரெயின் ஆந்த்ரோன்’ என்ற பொருளாக மாற்றுகின்றன. அதுதான் குடலைத் தூண்டி வேகமாகச் சுருங்க வைக்கிறது. குடல் தண்ணீரை உறிஞ்சுவதும் குறைகிறது. மலம் இளகி வெளியேறுகிறது.

இதற்கு 6 முதல் 12 மணி நேரம் ஆகும். ராத்திரி படுக்கும்போது சாப்பிடச் சொல்வது அதனால்தான். சிலர் ‘இன்னும் போகலையே’ என்று இரண்டு மணி நேரத்தில் அடுத்த மாத்திரையைப் போடுவது தப்பு.

யாருக்குப் பயன்?

திடீர் மலச்சிக்கலுக்கும், மார்ஃபின் போன்ற வலி மருந்து எடுக்கும் புற்றுநோயாளிகளின் மலச்சிக்கலுக்கும் இது பயன்படுகிறது. உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் சென்னா இருக்கிறது.

உடல் எடை குறையுமா?

குறையாது. சாப்பாட்டின் சத்து பெரும்பாலும் சிறுகுடலிலேயே உடம்பில் சேர்ந்துவிடும். சென்னோசைடு வேலை செய்வது அதற்கு அடுத்த பெருங்குடலில். எடை மெஷினில் குறைவது கொழுப்பு அல்ல, தண்ணீர். தண்ணீர் குடித்ததும் அது திரும்ப வந்துவிடும்.

தினமும் எடுத்தால்?

பேதியோடு பொட்டாசியமும் வெளியேறும். பொட்டாசியம் ரொம்பக் குறைந்தால் தசை பலவீனமாகும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். இதயத்துக்கு டைகாக்சின் மாத்திரையோ, நீர் பிரியும் மாத்திரையோ எடுப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

நீண்ட நாள் எடுத்தவர்களின் பெருங்குடல் உட்சுவர் கருத்துப்போகும். இதற்கு ‘மெலனோசிஸ் கோலை’ என்று பெயர். கேட்கப் பயமாக இருந்தாலும், மருந்தை நிறுத்தினால் சில மாதங்களில் பொதுவாகச் சரியாகிவிடும். அதிக அளவில் நெடுநாள் எடுத்த சிலருக்குக் கல்லீரல் பாதிப்பும் அரிதாகப் பதிவாகியுள்ளது.

புற்றுநோய் வருமா?

இந்த வகை வேதிப்பொருட்கள் சில, மரபணுவைப் பாதிக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது. அதனால் 2021ல் ஐரோப்பிய ஒன்றியம், உணவுப் பொருட்களில் சேர்க்கப்படும் சென்னாவைக் கண்காணிப்பில் வைத்தது. மறுபக்கம், அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் மரபணு மாற்றிய எலிகளுக்கு 40 வாரம் சென்னா கொடுத்துப் பார்த்து, புற்றுநோய் உண்டாக்கியதற்கு ஆதாரமில்லை என்று 2012ல் அறிவித்தது. எலிகளில் வந்த முடிவு, மனிதர்கள் வருடக்கணக்கில் சாப்பிடலாம் என்பதற்கான அனுமதி அல்ல.

பெயரில் ஒரு குழப்பம்

தென்மாவட்டங்களில் இந்தச் செடியை ‘அவுரி’ என்றும் சொல்வார்கள். ஆனால் தலைமுடிக்குச் சாயமாக விற்கும் அவுரிப் பொடி வேறு. அது நீலச் சாயம் தரும் நீலிச் செடி. ஆவாரம்பூ தரும் ஆவாரையும் வேறு செடி. பொடி வாங்கும்போது எந்தச் செடி என்று கேட்டு வாங்குங்கள். தலைக்குத் தேய்க்க வாங்கியதை வயிற்றுக்குச் சாப்பிட வேண்டாம்.

யார் தவிர்க்க வேண்டும்?

* கர்ப்பிணிகள், 12 வயதுக்குட்பட்ட குழந்தைகள் – டாக்டர் சொல்லாமல் கூடவே கூடாது
* காரணம் தெரியாத வயிற்றுவலி, வாந்தி உள்ளவர்கள். குடல்வால் அழற்சியாகவோ குடல் அடைப்பாகவோ இருக்கலாம்
* குடல் புண், குடல் அழற்சி நோய் உள்ளவர்கள்
* சிறுநீரகம், இதயப் பிரச்சினை உள்ளவர்கள்

ஒரு வாரத்துக்கு மேல் பேதி மருந்து இல்லாமல் மலம் போகவில்லை என்றாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ மருந்துக் கடைக்குப் போகாமல் நேராக டாக்டரிடம் போங்கள். நிலாவாரை மலச்சிக்கலைத்தான் தீர்க்கும். அதற்குப் பின்னால் இருக்கும் நோயைத் தீர்க்காது.