கைகழுவுதல்: விவிலியக் கடனா, வீட்டுச் சொத்தா?

ஒரு காரியத்தின் பொறுப்பு தன்னைச் சேராது என்று விலகும் ஆங்கிலேயர், அதைவிட்டுத் தன் கைகளைக் கழுவிக்கொண்டதாகச் சொல்வார். இந்த மரபுத்தொடர் மத்தேயு நற்செய்தி 27ஆம் அதிகாரம் 24ஆம் வசனத்திலிருந்து வந்தது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. தமிழிலும் 'கைகழுவிவிட்டான்' என்கிறோம். எனவே நம் வழக்கும் மிஷனரிமார் வழியாக வந்த சரக்கே என்று கருதத் தோன்றும். அந்த முடிவு அவசரமானது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் மூலத்தைப் பார்ப்போம். இயேசுவைக் குற்றமற்றவர் என்று கண்ட பின்னும் கூட்டத்துக்கு அஞ்சிய ஆளுநர் பிலாத்து, மக்கள் முன்னிலையில் தண்ணீர் எடுத்துக் கைகழுவி, இந்த இரத்தப் பழி தனக்கு இல்லை என்கிறான். நான்கு நற்செய்திகளில் மத்தேயு மட்டுமே இதைச் சொல்கிறது. இச்சடங்குக்கு முன்னோடி உபாகமம் 21ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கொன்றவன் யாரென்று தெரியாத பிணம் வயல்வெளியில் கிடந்தால், அருகிலுள்ள ஊரின் மூப்பர்கள் நீரோடும் பள்ளத்தாக்கில் ஒரு கிடாரியின் கழுத்தை முறித்து, அதன்மேல் கைகழுவித் தங்கள் கை இந்த இரத்தத்தைச் சிந்தவில்லை என்று அறிக்கையிட வேண்டும். மூப்பர்களுக்குக் கொலையாளியைத் தெரியாது. பிலாத்துவுக்கோ தீர்ப்பே தன் கையில். யூதச் சடங்கொன்றை உரோம அதிகாரி தலைகீழாக்கி நடத்துகிறான். மத்தேயுவின் கூர்மையான கிண்டல் இதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். ஆங்கிலேயருக்கு இக்காட்சி 1611ஆம் ஆண்டு விவிலிய மொழிபெயர்ப்புக்கு முன்பே பழக்கமானது. ஷேக்ஸ்பியரின் 'இரண்டாம் ரிச்சர்ட்' நாடகத்தில் அரசன் தன்னைக் கைவிட்டவர்களைப் பிலாத்துகள் என்றே சாடுகிறான்.

கொழும்பில் இவ்வசனத்துக்குத் தனி வரலாறு உண்டு. 1723இல் கொழும்பில் பிறந்து ஒல்லாந்த சீர்திருத்தத் திருச்சபையின் போதகரான பிலிப் டி மெல்லோவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1759இல் இங்கேயே அச்சேறியது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்தான் கொட்டாஞ்சேனைக்கு அருகே அச்சபையின் வுல்பெண்டால் ஆலயம் வழிபாட்டுக்குத் திறந்திருந்தது. ஆனால் பாமர மக்களிடம் பிலாத்துவைக் கொண்டுசேர்த்தது அச்சுப் புத்தகத்தைவிடக் கத்தோலிக்கரின் தவக்காலம் என்பேன். சிலுவைப்பாதையின் முதலாம் நிலையே பிலாத்துவின் தீர்ப்பு. பாஸ்கு நாடகங்களிலும் செம்பும் தட்டும் வரும் அந்தக் கட்டத்தைச் சிறுபிள்ளையும் மறப்பதில்லை.

இனி வெள்ளவத்தைக்கு வருவோம். யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்கள் நிறைந்த இவ்வூரில், "பிள்ளையள் தாய் தேப்பனைக் கைகழுவி விட்டினம்" என்று ஒருவர் சொன்னால் கேட்பவர் மனத்தில் பிலாத்து வருவதில்லை. தொடரின் இலக்கணமே வேறு. தமிழில் கழுவப்படுவது ஓர் ஆள்; 'தாய் தேப்பனை' என்று இரண்டாம் வேற்றுமை ஏற்று நிற்கிறார். நற்செய்தியில் பிலாத்து கழுவுவது பழியை. தமிழ்த் தொடருக்கு முன்னுறவு வேண்டும். உறவில்லாதவரைக் கைகழுவ முடியாது. பிலாத்துவுக்கும் இயேசுவுக்கும் என்ன உறவு? ஆங்கிலத்தொடரைப் பெரும்பாலும் விலகுபவரே தன்னைக் குறித்துச் சொல்கிறார். நம்மிடம் அது கைவிடப்பட்டவரின் முறைப்பாடு, அல்லது அவருக்காகப் பேசும் அயலவரின் ஏச்சு.

இத்தொடர் நிற்கும் நிலமும் வேறு. கையால் உண்ணும் சமூகத்தில் கைகழுவுவது பந்தி முடிந்ததன் அடையாளம். அதன்பின் இலைக்கும் நமக்கும் தொடர்பில்லை. 'தலைமுழுகுதல்' இதற்கு உடன்பிறப்பு: சாவீட்டு முழுக்கிலிருந்து உறவை அறுத்தல் என்ற பொருளுக்கு வந்தது. 'தாரைவார்த்தல்' என்பதிலும் நீர்தான் உரிமையைத் துண்டிக்கிறது.

மறுப்பொன்று எழலாம். மிஷனரி பீற்றர் பேர்சிவலின் விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தவர் சைவ அறிஞர் ஆறுமுக நாவலர். மிஷன் பள்ளிகளில் படித்த சைவர்கள் ஏராளம். வேதத்தின் மொழி சைவர் வாய்க்குப் போயிருக்கக் கூடாதா? போயிருக்கலாம். அப்படிப் போயிருந்தால் 'எனக்குப் பழியில்லை' என்ற பொருளும் கூடவே போயிருக்க வேண்டும். அது போகவில்லை. அப்பொருள் தேவைப்படும்போது இன்றும் 'பிலாத்துவைப் போல' என்று பெயரைச் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தத் தேவை கொழும்புக்கு அண்மையிலேயே நேர்ந்தது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தது. முன்கூட்டியே புலனாய்வு எச்சரிக்கை வந்திருந்தும் அது தமக்குத் தெரிவிக்கப்படவில்லை என்றார் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன. உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2023 ஜனவரி 12இல், பாதிக்கப்பட்டவர்களுக்கு அவர் தம் சொந்தப் பணத்தில் 10 கோடி ரூபாய் செலுத்த வேண்டுமெனத் தீர்த்தது. அதிகாரம் கையிலிருக்கப் பொறுப்பை மறுக்கும் இச்செயலை 'மக்களைக் கைகழுவினார்' என்று மட்டும் சொன்னால் பாதிப் பொருளே கிடைக்கும். பிலாத்துவின் பெயர் சேர்ந்தால்தான் மறுப்பும் அது எடுபடாமற் போனதும் சேர்ந்து வரும். ஏனெனில் அப்போஸ்தலர் விசுவாச அறிக்கை கைகழுவலைக் குறிப்பிடவேயில்லை, பிலாத்துவின் பெயரை மட்டும் இயேசுவின் பாடுகளோடு சேர்த்து ஞாயிறுதோறும் சொல்லவைக்கிறது. தமிழ் அகராதிகள் இவ்விரு வழக்குகளையும் தனித்தனிப் பொருள்களாகப் பதிந்து, இரண்டாவதற்கு மட்டுமே விவிலிய மூலத்தைக் காட்ட வேண்டும்.