ரீல் டப்பாவுல இருந்து நாஸ் பொட்டி வரைக்கும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் குடியிருக்கிற நம்ம பொட்டி தட்டுற மக்கள், வீட்ல படம் பாக்க ஒரு நாஸ் வாங்கலாம்னு கிளம்பினா முதல்ல கேக்கிறது "எத்தனை டெராபைட்?" ஆனா சினிமாவைப் பத்திரப்படுத்துற விஷயத்துல நம்ம ஊரோட நூறு வருஷ அனுபவம் வேற கேள்வி கேக்கச் சொல்லுது: "எத்தனை பிரதி?"

கொஞ்சம் பின்னாடி போவோம். தென்னிந்தியாவின் முதல் மௌனப்படம் ஆர். நடராஜ முதலியார் சென்னையில எடுத்த 'கீசக வதம்'. முதல் தமிழ் பேசும்படம் 'காளிதாஸ்', 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரல்ல வெளியாச்சு. ரெண்டுக்குமே இன்னிக்கு ஒரு பிரிண்ட்கூட கிடையாது.

காரணம் அந்தக் கால நைட்ரேட் ஃபிலிம். பத்திக்கிட்டா தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே உண்டாக்கிக்கும், தண்ணி ஊத்தினாலும் அணையாது. அடுத்து வந்த அசிடேட் ஃபிலிம் அப்படி எரியாது. ஆனா சூடும் ஈரமும் சேர்ந்தா வினிகர் வாடை அடிச்சு சுருங்கிப் போகும். நம்ம ஊர் க்ளைமேட்டைக் கேக்கணுமா? இடமும் தலைவலிதான். நிமிஷத்துக்கு 90 அடின்னா, ரெண்டரை மணி நேரப் படம் 13,500 அடி. ஆயிரம் அடி ரீல் கணக்குல 14 டப்பா. ஓடி முடிஞ்ச பிரிண்டை அதுல இருக்கிற வெள்ளிக்காகக் கரைச்சதும் உலகம் முழுக்க நடந்திருக்கு.

1964ல புனேவுல தேசியத் திரைப்படக் காப்பகம் தொடங்கினாங்க. பி.கே. நாயர் தேடித்தேடிச் சேர்த்தார். 2003 ஜனவரியில அங்கே நைட்ரேட் கிடங்கே தீப்பிடிச்சது. காப்பகத்துல இருந்தாலும், வேற ஃபிலிம்ல பிரதி எடுத்து வச்சதுதான் தப்பிக்கும்.

இப்ப நம்ம பொட்டிக்கு வருவோம். 1956ல ஐபிஎம் கொண்டுவந்த ராமாக்ல 24 அங்குலத் தட்டு 50 இருந்தும் கொள்ளளவு வெறும் 5 எம்பி. 1988ல பெர்க்லியில பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் மூணு பேரும் ரெய்டு பத்தி எழுதினாங்க (இன்கம்டாக்ஸ் இல்லீங்க!). மலிவான பல டிஸ்க்கைச் சேர்த்து ஒரே டிஸ்க் மாதிரி ஓட்டுற வித்தை. 2004ல வந்த லிங்க்சிஸ் என்எஸ்எல்யூ2, ரெண்டு யூஎஸ்பி டிஸ்க்கைச் சொருகுற குட்டி லினக்ஸ் பொட்டி. நாஸை வீட்டுக்குள்ள கொண்டுவந்ததுல அதுக்கும் பங்கு உண்டு.

ஆனா ரெண்டு டிஸ்க் ரெய்டு காப்பாத்துறது ஒரு டிஸ்க் செத்தா மட்டும்தான். தெரியாம அழிச்சா ரெண்டுலயும் அழியும். வெள்ளம் வந்தா ரெண்டும் சேர்ந்தே முழுகும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள்ளயே தண்ணி புகுந்தது ஞாபகம் இருக்கும்.

அதனால என் கணக்கு இது. ரெண்டு டிஸ்க் பொட்டி போதும். 4கே ப்ளூரேக்குக்கூட கிகாபிட் போர்ட்டும் ஒயரும் இருந்தா தாராளம். டிவியே அந்த ஃபார்மட்டை நேரா ஓட்டும்னா பெரிய ப்ராசஸர் வேண்டாம். மிச்சமாகிற காசுல ஒரு யூஎஸ்பி டிஸ்க் வாங்கி, மாசம் ஒரு தடவை காப்பி எடுத்து, வேற ஏரியாவுல மாடியில இருக்கிற சொந்தக்காரங்க வீட்ல வைங்க.

கடையில வாங்கின படம் போனா மறுபடி வாங்கிக்கலாம். கல்யாண வீடியோவும் தாத்தா குரலும் அப்படி இல்லை. அதுக்கு நாமதான் காப்பகம்.