அடுப்புப் புகையும் இரத்தப் பரிசோதனையும்

போன மாசி மகா சிவராத்திரிக்கு மூங்கிலணை காமாட்சி அம்மன் கோயிலுக்கு நானும் என் மனைவியும் வழக்கம்போல நடந்தே கிளம்பினோம். பாதி வழிக்குள் அவள் மூன்று இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். "வயசாச்சுல்ல, மூச்சு வாங்கத்தான் செய்யும்" என்றேன். ஒரு வருடமாகவே இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கால் வீங்கிய பிறகுதான் டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "அம்மா, விறகடுப்புல எத்தனை வருஷம் சமைச்சீங்க?"

"கேஸ் வர்ற வரைக்கும் சார். முப்பது வருஷம் இருக்கும்" என்றாள்.

இரத்தத்தில் 'என்.டி. புரோ பி.என்.பி.' என்ற பரிசோதனையை எழுதிக் கொடுத்தார். அது என்னவென்று தேடிப் படித்ததில் கிடைத்த வரலாற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

நாம் கையில் பட்டை கட்டிப் பார்க்கும் பிரஷர் வேறு. இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் இரத்தக் குழாயில் இருக்கும் பிரஷர் வேறு. இரண்டாவது ஏறினால் இதயத்தின் வலப்பக்கம் பாரம் சுமந்து சுமந்து தளர்ந்துபோகும். மூச்சு வாங்கும், கால் வீங்கும். ஆனால் அதைப் பட்டை கட்டி அளக்க முடியாது.

1929-ல் ஜெர்மனியில் வெர்னர் ஃபோர்ஸ்மான் என்ற இளம் டாக்டர், தன் கை நரம்பு வழியாகவே மெல்லிய குழாயை இதயம் வரை செலுத்திக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்கு நடந்து போய்ப் படம் எடுத்தார். அந்த வழியை நோயாளிகளுக்குப் பயன்படும் அளவுமுறையாக 1940-களில் நியூயார்க்கில் வளர்த்தவர்கள் கூர்னானும் ரிச்சர்ட்ஸும். மூவருக்கும் 1956-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆந்த்ரே கூர்னான் பாரிசில் பிறந்தவர். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அந்தப் பெயரை வாசித்ததும் பழைய பள்ளித்தோழனைப் பார்த்ததுபோல இருந்தது.

நம் நாட்டில் இதயநோய் மருத்துவத்தின் முன்னோடி டாக்டர் எஸ். பத்மாவதி. 1917-ல் பர்மாவில் பிறந்து, போர்க்காலத்தில் தாயாரோடும் சகோதரிகளோடும் கோயம்புத்தூருக்குத் தப்பி வந்தவர். பிறகு டெல்லியில் பணியாற்றினார். நுரையீரல் கெட்டு அதனால் இதயம் தளர்ந்த 127 பேரை ஆராய்ந்து 1959-ல் கட்டுரை வெளியிட்டார். பீடி, சிகரெட் பழக்கம் ஆண்களிடம்தான் அதிகம்; ஆனால் இந்த நோய் பெண்களையும் விடவில்லை. சிறு வயதிலிருந்து சுவாசித்த விறகு, வறட்டிப் புகையின் மேல் அவருடைய சந்தேகம் விழுந்தது. 2020-ல், 103 வயதில் காலமானார்.

இரத்தப் பரிசோதனையின் கதை 1988-ல் ஜப்பானில் தொடங்குகிறது. பன்றியின் மூளையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதனால் பெயரிலும் மூளை ஒட்டிக்கொண்டது. பிறகுதான், அதை அதிகம் சுரப்பது இதயம் என்று தெரிந்தது. பாரத்தால் இதயச் சுவர் இழுபடும்போது சுரப்பு கூடும். அப்போது உண்டாகும் ஒரு துண்டைத்தான் இரத்தத்தில் அளக்கிறார்கள்.

இதை மட்டும் வைத்து நோயை முடிவு செய்ய முடியாது. இதயத்தின் இடப்பக்கம் பழுதானாலும் அளவு ஏறும். சிறுநீரகம் கெட்டாலும் ஏறும். வயதானாலும் கொஞ்சம் ஏறும். என் உத்தியோக பாஷையில் சொன்னால், இரத்தப் பரிசோதனை 'நோட்' போட்டு மேலே அனுப்பும் குமாஸ்தா. எக்கோ சூப்பரிண்டெண்ட். கையெழுத்துப் போடும் அதிகாரி இன்றும் அந்தக் குழாய்தான். ஆனால் குமாஸ்தா நோட் போடாவிட்டால் ஃபைல் நகராது என்பது நமக்குத் தெரியாததா!

என் மனைவிக்கு அளவு அதிகமாகவே வந்தது. மதுரையில் எக்கோ எடுத்தோம், குழாயும் விட்டுப் பார்த்தார்கள். புகையால் கெட்ட நுரையீரல், அதனால் ஏறிய பிரஷர் என்றார்கள். இப்போது வீட்டில் ஆக்சிஜன், நீர் பிரிய மாத்திரை. வீக்கம் வடிந்திருக்கிறது.

என் மாமியாருக்கும் கடைசிக் காலத்தில் இதே மூச்சிரைப்பு, இதே கால் வீக்கம். 'இளைப்பு' என்று சொல்லிக் கஷாயம் கொடுத்தோம். அதே அடுப்படியில்தான் மகளும் சமைத்தாள். அந்தச் சுவரில் படிந்த கரியை வருடாவருடம் பொங்கலுக்கு வெள்ளையடித்து மறைத்தவன் நான்தான்.

உங்கள் வீட்டில் யாராவது நடக்கும்போது நின்று நின்று மூச்சு வாங்கினால், வயதின் மேல் பழி போடாதீர்கள். டாக்டரிடம் போகும்போது விறகடுப்பில் சமைத்த வருடங்களையும் மறக்காமல் சொல்லுங்கள்.

அடுத்த மாசிக்கு ஆட்டோ பிடித்துப் போகலாம் என்றிருக்கிறோம்.