வளவும் கிணறும்: யாழ்ப்பாணத்து மனைவாழ்க்கையின் சூழலியல் வரலாறு

அரசர்களின் ஆட்சியையும் போர்களையும் கோயில் திருப்பணிகளையும் விரிவாகப் பேசும் வரலாற்று நூல்கள், மக்கள் தத்தம் வீடுகளில் நீரை எவ்வாறு செலவிட்டனர், அடுப்புச் சாம்பலை என்ன செய்தனர், உக்கிய வேலியோலையை எங்கே சேர்த்தனர் என்பனவற்றைப் பெரும்பாலும் பேசுவதில்லை. சூழலைப் பேணும் வாழ்க்கைமுறை அண்மைக்காலத்தில் மேலைநாடுகளிலிருந்து வந்த புதுக்கருத்து என எண்ணுவோர் உளர். முன்னோர் யாவரும் இயற்கையோடு இயைந்து குறையின்றி வாழ்ந்தனர் எனப் பெருமிதம் கொள்வோரும் உளர். இவ்விரு கருத்துக்களும் வரலாற்றின் உரைகல்லில் உரைத்துப் பார்க்கப்பட வேண்டியவை. அதற்கு யாழ்ப்பாணக் குடாநாட்டின் வீட்டு வளவு தக்கதோர் எடுத்துக்காட்டாகும். அங்கு நிலவிய சிக்கனம் எத்தகைய தேவையிலிருந்து பிறந்தது, யாருடைய உழைப்பினால் நிலைபெற்றது, எவ்வாறு சிதைந்தது என்பவற்றை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் நீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவுமில்லை. வழுக்கையாறு மழைக்காலத்தில் மட்டும் ஓடுவது. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்ரோபர் முதல் திசெம்பர் வரையான வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திலேயே பெய்து தீர்கின்றது. மெல்லிய மண்படையின் கீழே மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல் பரந்து கிடக்கின்றது. மழைநீர் இக்கல்லின் வெடிப்புகளுக்கும் குகைகளுக்கும் ஊடாக இறங்கித் தேங்குகின்றது. நன்னீர் உவர்நீரினும் பாரங் குறைந்ததாகையால், நிலத்தடியே ஊடுருவியுள்ள கடல்நீரின் மேல் ஒரு வில்லை போல அது மிதக்கின்றது.

இவ்வில்லையின் இயல்பை விளங்கிக்கொள்ளாது யாழ்ப்பாணத்து மனைவாழ்க்கையை விளங்கிக்கொள்ள இயலாது. கோட்பாட்டளவில், கடல்மட்டத்திற்கு மேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கடல்மட்டத்திற்குக் கீழ் ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் நிற்கும். எனவே அளவுக்கு மீறி இறைத்து மேல்மட்டத்தை ஓரடி தாழ்த்தினால், அடியிலுள்ள உவர்நீர் 40 அடி மேலேறக்கூடும். கிணறு வற்றுவதற்கு முன்னரே அது உவராகிவிடும். ஆகவே இந்நிலத்தில் நீரைச் சிக்கனமாகச் செலவிடுதல் வெறும் நற்பண்பு அன்று; குடியிருப்பின் நிலைபேற்றுக்கே அது நிபந்தனையாயிற்று.

பெய்யும் மழையை நிலத்தில் இறங்கச் செய்வதற்கு ஊர்தோறும் குளங்களும் கேணிகளும் அமைந்தன. கோடையிற் குளத்தைத் தூர்வாரி, அவ்வண்டலைத் தோட்டத்திற்கும் வயலுக்கும் இடுவது வழக்கமாயிருந்தது. குளம் ஆழமாயிற்று, மண் வளம் பெற்றது. ஒரே செயலால் இரு பயன் கொள்ளும் இம்முறையே வீட்டு வளவின் ஒவ்வொரு மூலையிலும் தொழிற்பட்டது எனலாம்.

வளவின் ஒழுங்கு

கிணற்றில் நீர் அள்ளுவதற்குத் துலா பயன்பட்டது. தோட்டக் கிணறுகளில் ஆட்கள் துலாவின்மேல் ஏறி முன்னும் பின்னுமாக நடந்து மிதிக்க, ஒருவர் கீழே நின்று பட்டையைப் பிடித்து ஊற்ற, வேறொருவர் வாய்க்கால் வழியே பாத்திகளுக்கு நீரைக் கட்டினார். 1859 இல் வெளிவந்த இலங்கை பற்றிய தமது நூலில் எமர்சன் ரெனன்ற் யாழ்ப்பாணத்துக் கிணற்றுப் பாசனத்தையும் புத்தூர்க் கிணற்றின் வியப்பையும் விரிவாக எழுதியுள்ளார். துலா இறைப்பில் ஒரு நாளில் எடுக்கக்கூடிய நீரின் அளவை மனித உடலின் வலிமையே வரையறுத்தது. இறைத்த கிணறு இரவில் ஊறி மறுநாட் காலை பழைய மட்டத்தை எட்டுவதற்கு அவகாசம் இருந்தது. பல கிணறுகள் பங்குக் கிணறுகளாயிருந்தமையும் கருதத்தக்கது. காணி உறுதிகளில் நிலத்தின் பரப்போடு கிணற்றுப் பங்கும் வாய்க்கால் உரிமையும் வழிவாய்க்காலும் சேர்த்தெழுதப்பட்டன. முறைவைத்து இறைக்கும் இவ்வழக்கத்தினால் அயலவரின் தேவையும் கணக்கிற்கு வந்தது.

வீட்டுக் கிணற்றடியில் குளித்த நீரும் துணி தோய்த்த நீரும் வீணே ஓடவில்லை. அவை வாழைக்கும் தென்னைக்கும் கமுகுக்கும் சென்றன. அரிசி கழுவிய நீரும் கஞ்சியும் மாட்டுக்குக் கழுநீராயின. அடுப்புச் சாம்பல் பாத்திரம் துலக்கவும், கத்தரி, பயிற்றை முதலியவற்றின் பூச்சியைத் தடுக்கவும் பயன்பட்டது. தேங்காயின் பொச்சும் சிரட்டையும், பனையின் மட்டையும் பன்னாடையும் ஊமலும் விறகாயின. சிரட்டைக்கரி துணி அழுத்தும் பெட்டிக்கு நெருப்பாயிற்று. கழிவு என்று பெயரிட்டு வளவிற்கு வெளியே கொட்டுவதற்கு உண்மையில் மிகச் சிலவே எஞ்சின.

வேலியும் இவ்வகையில் ஓர் உற்பத்திச் சாதனமாகவே விளங்கியது. பூவரசு, கிளுவை, முள்முருக்கு முதலியவற்றின் கதியால்கள் உயிர்வேலியாக நின்றன. அவற்றின் குழை ஆட்டிற்கு உணவாகவும் தோட்டத்திற்குப் பசளையாகவும் பயன்பட்டது. காவிளாயும் சணலும் பசுந்தாட் பசளையாக நிலத்திற் புதைக்கப்பட்டன. கதியாலில் வரிந்து கட்டிய பனையோலையும் கிடுகும் ஓரிரு ஆண்டுகளில் உக்கியதும், அவற்றை அவிழ்த்துத் தோட்டத்தில் தாழ்த்தினர். கூரையிலிருந்து இறக்கிய பழைய ஓலைக்கும் அதுவே கதி. மறைப்பாக நின்ற ஓலை மண்ணுக்கு உணவாகி, அம்மண் புகையிலையையும் மரக்கறியையும் தந்தது. செம்மண்ணில் தொடர்ந்து பயிரிட இயன்றமைக்கு இவ்வாறு திரும்பிச் சேர்ந்த உயிர்ப்பொருளும், தோட்டங்களில் ஆடுமாடுகளைப் பட்டியடைத்ததால் கிடைத்த எருவுமே அடிப்படையாயின.

பனையின் இடம் தனியாகக் குறிப்பிடத்தக்கது. வில்லியம் பேர்குசன் 1850 இல் கொழும்பிலிருந்து பனை பற்றித் தனிநூலொன்றை வெளியிடும் அளவிற்கு அதன் பயன்கள் பலவாயிருந்தன. ஒடியலும் பனாட்டும் பஞ்சகாலத்திற்கான சேமிப்பு உணவுகள். பெட்டி, கடகம், சுளகு, பாய், நீத்துப்பெட்டி என அடுக்களைப் பொருள்கள் பல ஓலையாலானவை. கூழ் குடிக்கப் பிளாவும் உணவு உண்ணத் தட்டுவமும் ஓலையிலேயே அமைந்தன. பயன் முடிந்ததும் இவை மண்ணோடு மண்ணாயின. இன்று பொலித்தீன் பையும் பிளாஸ்ரிக் கோப்பையும் கொண்டுள்ள இடத்தை அன்று ஓலை கொண்டிருந்தது. ஆனால் ஓலை எந்தக் குளத்தையும் அடைக்கவில்லை.

உழைப்பின் மறுபக்கம்

இவ்வொழுங்கைப் புகழ்ந்துரைப்பதோடு ஆய்வு நின்றுவிடுதல் முறையாகாது. துலாவை மிதித்தவர் யார், குழை வெட்டிச் சுமந்தவர் யார், பனையேறியவர் யார் என்ற வினாக்கள் எழுதல் வேண்டும். ஒல்லாந்தர் ஆட்சியின்போது கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து 1707 இல் நிறைவுசெய்த தேசவழமைத் தொகுப்பு, காணியையும் தோட்டத்தையும் பற்றிய வழக்கங்களைக் கூறுவதோடு அடிமைகளைப் பற்றிய வழக்கங்களையும் கூறுகின்றது. காணியும் தோட்டமும் அடிமையும் ஒரே தொகுப்பில் இடம்பெற்றமை அச்சமுதாயத்தின் அமைப்பைத் தெளிவாகக் காட்டுகின்றது. 1844 இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பின்னரும் குடிமைத் தொழிலின் பிணைப்புகள் நீண்டகாலம் தொடர்ந்தன.

நீரைப் பேணிய அதே கிணறு சாதியையும் பேணிற்று என்பது கசப்பான உண்மை. ஒடுக்கப்பட்ட மக்கள் உயர்சாதியினரின் கிணற்றில் அள்ள அனுமதிக்கப்படவில்லை. பிறர் அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு காத்துநிற்க வேண்டிய நிலையும் இருந்தது. 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டமும், 1960களின் பிற்பகுதியில் மாவிட்டபுரம் முதலிய இடங்களில் நிகழ்ந்த போராட்டங்களும் இக்கொடுமையின் ஆழத்தை உணர்த்துவன. நகர்ப்புறத்து வாளி மலசலகூடங்களின் தூய்மையும் ஒரு சாதியினரின் தலைச்சுமையாகவே அமைந்தது. அவ்வாறே வீட்டினுள் நீர் அள்ளுதல், நெல் குற்றுதல், ஓலை இழைத்தல், சாணமிட்டு மெழுகுதல் யாவும் பெண்களின் ஓயாத உழைப்பாயின. எனவே பழைய சிக்கனம் இயற்கையைச் சுரண்டவில்லை என்பது பெரிதும் உண்மையாயினும், மனிதரைச் சுரண்டவில்லை என்று கூற இயலாது.

மாற்றத்தின் வருகை

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மண்ணெண்ணெயில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரம் பரவியபோது, துலா மிதித்தவர்கள் அதனை விடுதலையாகவே கண்டிருப்பர். அது நியாயமானதே. ஆயினும் மனித வலிமை விதித்திருந்த எல்லையும் அதனோடு மறைந்தது. பல மணிநேரம் மிதித்து இறைத்த நீரை இயந்திரம் சிறுபொழுதில் வெளியேற்றிற்று. 1970க்கும் 1977க்கும் இடையில் வெங்காயம், மிளகாய் முதலியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டதால் உள்ளூர் விளைச்சலுக்கு நல்ல விலை கிடைத்தது. யாழ்ப்பாண விவசாயி வளம் கண்டான். அதேவேளை இரசாயனவுரமும் பூச்சிநாசினியும் செம்மண்ணில் தாராளமாக இடப்பட்டன. குழை தாழ்த்தும் வழக்கம் தளர்ந்தது.

வளவிற்குள்ளும் மாற்றம் நிகழ்ந்தது. கிடுகு வேலியின் இடத்தைச் சீமெந்து மதில் பிடித்தது. குழையும் ஓலையும் இல்லாதொழிந்தன. முற்றத்திற்குச் சீமெந்து இடப்பட்டதும் மழைநீர் நிலத்தில் இறங்காது வீதிக்கு ஓடிற்று. வாளி மலசலகூடம் ஒழிந்து குழி மலசலகூடம் வந்தமை மனித மாண்பின் நோக்கில் பெரும் முன்னேற்றமாகும். ஆனால் ஒடுங்கிய வளவுகளில் மலக்குழியும் கிணறும் அருகருகே அமைந்தன. இரண்டுக்கும் இடையே இருந்ததோ வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக்கல்.

இவற்றின் விளைவு நீரிலேயே வெளிப்பட்டது. 1980களில் வெளிவந்த ஆய்வுகள் குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருந்ததைக் காட்டின. உலக சுகாதார தாபனத்தின் வழிகாட்டலின்படி குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமை விஞ்சலாகாது. அதனை விஞ்சிய நீர், புட்டிப்பால் அருந்தும் சிறு குழந்தைகளின் குருதியில் ஒட்சிசன் கடத்தலைக் குறைக்கக்கூடியது. பின்னர் சுன்னாகப் பகுதியில் அனல்மின் உற்பத்தி சார்ந்த எண்ணெய்க் கழிவு கிணறுகளிற் கலந்த விடயம் உயர் நீதிமன்றம்வரை சென்று, 2019 இல் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பளிக்கப்பட்டது. 2024 இல் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறந்துவைக்கப்பட்டது. காலடியில் நன்னீர் வில்லையொன்றைக் கொண்ட நிலம், கடல்நீரைச் சுத்திகரித்துக் குடிக்கவேண்டிய நிலையை எய்தியமை ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது.

நிர்ப்பந்தமும் வழக்கமும்

1990 இல் போர் மீண்டும் மூண்டதும் மின்சாரமும் மண்ணெண்ணெயும் இரசாயனவுரமும் குடாநாட்டிற்கு அரிதாயின. மக்கள் சிறு போத்தலில் சிறிதளவு எண்ணெயிட்டு விளக்கேற்றினர். துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். பனம்பழத்தின் களியால் துணி தோய்த்தனர். மறந்துபோன பல வழக்கங்கள் மீண்டன. எனினும் இதனைச் சூழல்சார் வாழ்க்கையின் மறுமலர்ச்சி எனக் கொண்டாடுவது அக்காலத்து மக்களின் துன்பத்தை இழிவுபடுத்துவதாகும். தடை தளர்ந்ததும் பெரும்பாலோர் பழைய நுகர்வுக்கே திரும்பினர். 2021 இல் இரசாயனவுர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, விளைச்சல் வீழ்ந்து, அவ்வாண்டு நவம்பரிலேயே தடை நீக்கப்பட்டமையும் இதே உண்மையை உணர்த்துகின்றது. மண்ணை வளப்படுத்தும் பசளையும் கால்நடையும் குழையும் ஆண்டாண்டாகத் திரண்டு வரவேண்டியவை. கட்டளையொன்றினால் அவை ஒரு போகத்தில் தோன்றிவிடா. 2022 இன் எரிவாயுத் தட்டுப்பாட்டில் விறகடுப்பை மூட்டியவர்களும் வாயு வந்ததும் அதனை அணைத்துவிட்டனர். நிர்ப்பந்தத்தால் வரும் சிக்கனம் நிர்ப்பந்தத்தோடு போய்விடும். வழக்கமாக ஊன்றியதே நிலைக்கும்.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம். பழைய வளவின் ஒழுங்கு முன்னோரின் தனிச்சிறப்பான ஞானத்தால் மட்டும் விளைந்ததன்று. நிலத்தின் வறுமையும் நீரின் நொய்ம்மையும் மனித உழைப்பின் எல்லையும் சேர்ந்து அதனை உருவாக்கின. அவ்வுழைப்பு சமத்துவமற்ற முறையில் பெறப்பட்டது. ஆகவே துலாவையும் குடிமையையும் மீட்டெடுப்பது இலட்சியமாக இருத்தல் இயலாது, தகாது.

எனினும் அவ்வொழுங்கின் அடிப்படைக் கொள்கையை அதன் அநீதியிலிருந்து பிரித்தெடுத்தல் இயலும். மண்ணிலிருந்து பெற்றதை மண்ணுக்கே திருப்புதல், மழையை வளவிலேயே இறங்கவிடுதல், ஊறும் அளவிற்கே இறைத்தல் என்பன அக்கொள்கையின் கூறுகளாகும். கிணற்றடி நீரை வாழைக்கு விடுவதும், அடுக்களைக் கழிவைப் பசளைக் குழியிலிடுவதும், கூரை நீரைத் தொட்டியில் ஏந்துவதும், முற்றத்தின் ஒரு பகுதியையாவது மண்ணாக விடுவதும், மலக்குழியின் அடியையும் சுவரையும் இறுக்கி அதனைக் கிணற்றிலிருந்து விலக்கி அமைப்பதும், கடைக்குப் பனையோலைப் பெட்டியோ துணிப்பையோ கொண்டு செல்வதும் எவரது அடிமையுழைப்பையும் வேண்டாதவை. வீட்டிலுள்ள ஆண் பெண் இருபாலாரும் பகிர்ந்து செய்யக்கூடியவை.

வேலிகளும் மதில்களும் நிலத்தின் மேற்பரப்பையே பிரிக்கின்றன. அடியிலுள்ள சுண்ணாம்புக்கல்லையும் அதில் தேங்கிய நீரையும் அவை பிரிப்பதில்லை. ஒருவர் மிகையாக இறைத்த நீரும், மற்றொருவர் கவனமின்றி விட்ட கழிவும் எல்லாச் சாதியினரின் கிணற்றையும் ஒரே தன்மையாகச் சென்றடைகின்றன. உறுதியில் எழுதப்பட்ட கிணற்றுப் பங்கு ஒரு சிலருக்கே உரியதாயிருந்தது. அதனைக் குடாநாட்டு மக்கள் அனைவருக்கும் உரிய பங்காக உணர்வதிலேயே இந்நிலத்து மனைவாழ்க்கையின் எதிர்காலம் தங்கியுள்ளது.