வாசலில் நிற்கும் வீடு

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் பயணம் செய்தவர்கள் அந்த வண்டிகளைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். பேருந்தின் நீளமும் வீட்டின் சன்னல்களும் கொண்டவை. பின்னால் ஒரு சிறு காரையும் இழுத்துக்கொண்டு செல்பவை. ஓட்டுநர் இருக்கையில் ஒரு நரைத்த தலை, பக்கத்து இருக்கையில் இன்னொன்று. 'ஆர்.வி.' என்று இரண்டே எழுத்துகளில் அமெரிக்கர் அழைக்கும் இந்த வண்டிவீட்டைப் பிள்ளைகளைப் பார்க்கச் சென்றுவரும் நம் பெற்றோர் பலர் வியப்போடும் சற்று இரக்கத்தோடும் நினைவுகூர்வதுண்டு. இந்த வயதில் இவர்கள் ஏன் இப்படி அலைய வேண்டும், பெற்ற பிள்ளைகள் வைத்துப் பார்த்துக்கொள்ள மாட்டார்களா என்பது அந்த இரக்கத்தினுள் இருக்கும் கேள்வி. கேள்வி எளியது. விடையைத் தேடினால் ஏறத்தாழ நூறாண்டு வரலாற்றினூடே நடக்க வேண்டியிருக்கிறது. ஆர்.வி.யின் கதையைச் சாகசத்தின் கதையாகச் சொல்வதே வழக்கம். முதுமைக்கும் குடும்பத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கலாம் என்று ஒரு சமூகம் அளந்து பார்த்த கதையாகவும் அதை வாசிக்கலாம் என்பது நம் எண்ணம்.

வண்டி முதலில் வந்தது. முதியோர் பின்னரே வந்து ஏறிக்கொண்டனர். 1910இல் பியர்ஸ்-ஆரோ நிறுவனம் நியூயார்க்கின் மேடிசன் சதுக்கக் கண்காட்சியில் வைத்த 'டூரிங் லாண்டோ' என்ற கார் இவ்வகை வண்டிகளின் முன்னோடியாகக் கருதப்படுகிறது. மடித்து விரித்தால் படுக்கையாகும் பின்னிருக்கையும் கைகழுவும் தொட்டியும் அதில் இருந்தன. விலையோ செல்வந்தருக்கு மட்டுமே எட்டுவது. அதே பத்தாண்டில் ஹென்றி ஃபோர்டு, தாமஸ் எடிசன், ஹார்வி ஃபயர்ஸ்டோன், இயற்கை எழுத்தாளர் ஜான் பரோஸ் ஆகியோர் சமையற்காரர்கள் சூழக் கூடாரப் பயணங்கள் சென்றதைப் பத்திரிகைகள் ஆர்வத்தோடு எழுதின. எளியவர்கள் தங்கள் கார்களைத் தாங்களே மாற்றியமைத்துக்கொண்டார்கள். 1919இல் புளோரிடா மாநிலத்தின் டாம்பா நகரில் 'தகரக் குவளைப் பயணிகள்' என்ற பொருள்படும் பெயரோடு ஒரு சங்கம் தோன்றிற்று. காரின் முன்மூக்கில் பற்றவைத்த தகரக் குவளையே உறுப்பினரின் அடையாளச் சின்னம். பனிக்காலம் வந்ததும் வட மாநிலங்களிலிருந்து தெற்கே வெயிலைத் தேடி இறங்கும் வழக்கம் அவர்களிடமே காணக்கிடைக்கிறது. 1930களின் நடுவில் இழுவண்டி வீடுகள் பெருகிய வேகத்தைக் கண்ட பொருளியல் கணிப்பாளர் ராஜர் பாப்சன், இன்னும் இருபதாண்டுகளில் அமெரிக்கரில் பாதிப்பேர் சக்கரத்தின்மேல்தான் வாழ்வார்கள் என்று ஆரூடம் சொன்னார். அது பலிக்கவில்லை. ஆயினும் வண்டியில் ஏறக்கூடிய புதியதொரு வகுப்பு அப்போதுதான் சட்டத்தின் வழியே பிறந்துகொண்டிருந்தது.

1935 ஆகஸ்டு 14 அன்று குடியரசுத் தலைவர் ரூசவெல்ட் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1940 சனவரியில் முதல் மாதாந்திர ஓய்வூதியக் காசோலையைப் பெற்றவர் வெர்மான்ட் மாநிலத்தின் ஐடா மே ஃபுல்லர் என்ற பெண்மணி. தொகை 22 டாலர் 54 சென்ட். நூறு வயது வரை வாழ்ந்து 1975இல் மறைந்த அவர் அக்காசோலைகளைக் கடைசி வரை பெற்றார். 1939இல் செய்யப்பட்ட திருத்தம் மனைவிக்கும் விதவைக்கும் பங்கு வழங்கியது. முதிய தம்பதி பிறர் கையை எதிர்பாராத ஓர் அலகாக அரசின் கணக்கேட்டில் இடம்பெற்றது இவ்வாறுதான். இக்கணக்கேட்டில் எல்லோரும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வேளாண் கூலிகளையும் வீட்டு வேலைக்காரர்களையும் அச்சட்டம் தொடக்கத்தில் விலக்கி வைத்தது. தென்மாநிலக் கறுப்பின உழைப்பாளர்களில் பெரும்பகுதியினர் அவ்விரு தொழில்களிலேயே இருந்தனர். சாலையும் அவ்வாறே. எந்த ஊரில் தங்கலாம், எங்கே உண்ணலாம் என்று கறுப்பினப் பயணிகளுக்கு வழிசொல்ல 1936 முதல் விக்டர் கிரீன் என்ற அஞ்சல்காரர் தனிக் கையேடு வெளியிட வேண்டியிருந்தது. பின்னாளில் 'திறந்த சாலை' என்று புகழப்பட்டது யாருக்குத் திறந்திருந்தது என்ற கேள்வியை விட்டுவிட்டு இந்த வரலாற்றை எழுத இயலாது.

இனிக் குடும்பத்துக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் 65 வயதைக் கடந்த அமெரிக்கர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் வளர்ந்த பிள்ளைகளோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அது 15 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. மக்கள்தொகைக் கணக்கேடுகளை ஆராய்ந்து ஸ்டீவன் ரகில்ஸ் என்ற வரலாற்றாசிரியர் இவ்விவரத்தைத் தந்தார். கூட்டுக்குடும்பம் நமக்கு மட்டுமே உரியது என்று நினைப்போர் முதல் எண்ணையும், தனித்திருப்பதே அமெரிக்கரின் பிறவிக் குணம் என்று நினைப்போர் இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள சரிவையும் கவனிக்க வேண்டும். இச்சரிவு ஏன் நேர்ந்தது என்பதில் அறிஞர்கள் ஒருமித்த கருத்தினர் அல்லர். முதியவர் கைக்குப் பணம் வந்ததும் அவர்கள் தனிவீட்டைத் தேர்ந்தார்கள் என்பது டோரா கோஸ்டா போன்ற பொருளியல் வரலாற்றாசிரியர்களின் வாதம். உள்நாட்டுப்போர் வீரர்களின் ஓய்வூதியப் பதிவுகளிலேயே அதற்கான சான்றை அவர் காண்கிறார். ரகில்ஸ் மறுபக்கத்திலிருந்து பார்க்கிறார். நிலமும் பட்டறையும் தந்தையின் கையில் இருந்தவரை மகன் உடனிருந்தான். ஆலையும் அலுவலகமும் கூலி தரத் தொடங்கியதும் மகன் வெளியேறினான். தந்தையின் அதிகாரம் அதோடு தளர்ந்தது. விட்டுச் சென்றவர் யார், பெற்றோரா பிள்ளைகளா? சான்றுகள் இரு பக்கமும் இருக்கின்றன. எப்படியாயினும் 1950களில் மூத்த தலைமுறை ஓரிடத்திலும் பிள்ளைகள் ஆயிரம் மைல்களுக்கு அப்பாலும் வாழ்வது இயல்பாகிவிட்டிருந்தது.

அந்த ஆயிரம் மைல்களுக்குச் சாலை வந்தது. 1919இல் வாஷிங்டனிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை ஓர் இராணுவ வாகன அணி சென்றுசேர 62 நாள்கள் பிடித்தன. அதில் பயணம் செய்த இளம் அதிகாரி ஐசனாவர், குடியரசுத் தலைவரான பின் 1956இல் 41,000 மைல் நெடுஞ்சாலைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதே ஆண்டில் பெண்களும் 1961இல் ஆண்களும், சற்றே குறைந்த தொகையுடன் 62 வயதிலேயே ஓய்வூதியம் பெறலாம் என்றானது. 1965இல் 65 வயதைக் கடந்தோருக்கு மெடிகேர் மருத்துவக் காப்பீடு வந்தது. 1966இல் அயோவா மாநிலத்தின் ஃபாரஸ்ட் சிட்டி என்ற சிற்றூரில் வின்னபேகோ நிறுவனம் மோட்டார் வீடுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொழிற்கூட வரிசையில் செய்து விலையைக் குறைத்தது. ஓய்வு, சாலை, மருத்துவம், வண்டி என நான்கும் பத்தே ஆண்டுகளில் ஒன்றுசேர்ந்ததை நாம் கவனிக்க வேண்டும். ஜான் ஸ்டைன்பெக் தன் 58ஆம் வயதில், 1960இல், பாரவண்டியின்மேல் வீடு கட்டி, டான் குவிக்சாட்டின் குதிரைப் பெயரை அதற்குச் சூட்டி நாடு சுற்றியதும் இக்காலத்தில்தான். 1962இல் வெளியான அப்பயண நூலில், வேரூன்றாமல் சக்கரத்தில் வாழ்வோரைப் பற்றிய அவருடைய யோசனைகள் இன்றும் வாசிக்கத்தக்கவை.

இந்த வண்டி மகள் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது நிகழ்வது என்ன? அது வீட்டின் முகப்பில், கார் நிறுத்தும் பாதையில் நிற்கிறது. வீட்டிலிருந்து ஒரு மின்கம்பியும் ஒரு தண்ணீர்க் குழாயும் வண்டிக்கு நீள்கின்றன. பகலெல்லாம் பேரப்பிள்ளைகளோடு கழிகிறது. இரவானதும் பாட்டியும் தாத்தாவும் தங்கள் படுக்கைக்கு, தங்கள் மருந்துப் பெட்டிக்கு, தங்கள் காப்பிக் குவளைக்குத் திரும்பிவிடுகிறார்கள். மருமகன் தன் அறையைக் காலிசெய்ய வேண்டியதில்லை. மாமியார் பிறர் சமையலறையில் கரண்டி தேட வேண்டியதில்லை. கழிவுநீர்த் தொட்டி நிரம்பும் நாளோ, தெருவில் பெரிய வண்டியை நிறுத்தக்கூடாதென்று குடியிருப்போர் சங்கம் நினைவூட்டும் நாளோ வந்தால் புறப்பட்டாக வேண்டும். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்ற நம் பழமொழியின் நுட்பத்தை அந்தத் தொட்டியே காப்பாற்றித் தருகிறது. வியன்னாவின் சமூகவியலாளர்கள் லியோபோல்ட் ரோசன்மயரும் ஏவா கோக்கைசும் 1960களின் தொடக்கத்தில், முதியோர் விரும்புவது 'தொலைவோடு கூடிய நெருக்கம்' என்று எழுதினார்கள். அத்தொடருக்குச் சக்கரம் பூட்டினால் ஆர்.வி. ஆகிவிடும்.

நம் பெற்றோரின் நிலையை இங்கே எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. பெரும்பாலும் ஆறு மாத அனுமதியில் விமானமேறி, மகன் வீட்டின் ஓர் அறையில் தங்கி, கோவிலுக்கோ கடைக்கோ போவதானாலும் மாலையில் யாராவது வந்து காரை எடுக்கும் வரை காத்திருக்கும் அவர்களுக்கு நெருக்கம் உண்டு; சாவி கையில் இல்லை. வண்டிவீட்டுத் தம்பதிக்குச் சாவி உண்டு. அடுத்த மாதம் யார் வாசல் என்ற கணக்கும் உண்டு. எது மேல் என்று தீர்ப்பளிப்பது நம் நோக்கமன்று. இரண்டிலும் ஏதோ ஒன்று விலையாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

அமெரிக்கர்களுக்கு இவ்விலை தெரியாமலில்லை. பிள்ளைகளுக்குப் போக வேண்டிய சொத்தைத்தான் செலவழித்துக்கொண்டிருக்கிறோம் என்று வண்டியின் பின்புறம் ஒட்டப்படும் வாசகம் ஒரு வேடிக்கை. வேடிக்கைக்குள் சிறு குற்றவுணர்வும் உண்டு. டோரதி கவுண்ட்ஸ், டேவிட் கவுண்ட்ஸ் என்ற மானுடவியல் தம்பதி, பாப்புவா நியூகினியில் பல்லாண்டு கள ஆய்வு செய்தவர்கள், பின்னர் தாங்களே வண்டியேறி இம்முதியவர்களோடு வாழ்ந்து 1996இல் ஒரு நூல் எழுதினார்கள். அந்நியர் சில மணிநேரத்தில் உறவினராகிவிடும் முகாம்களையும் உணவைப் பகிர்ந்து பிணைப்பை உண்டாக்கும் வழக்கத்தையும் அவர்கள் விவரித்தார்கள். ஜோ பீட்டர்சனும் கே பீட்டர்சனும் 1978இல் தொடங்கிய 'எஸ்கேப்பீஸ்' சங்கம் இத்தகைய உறவை அமைப்பாகவே ஆக்கியது. டெக்சாசின் லிவிங்ஸ்டன் நகரில் ஆயிரக்கணக்கானோருக்கு அது அஞ்சல் முகவரி தந்தது. வீடில்லாதவருக்குக் கடிதம் எங்கே வரும், வாக்கு எந்த ஊரில், ஓட்டுநர் உரிமம் எந்த மாநிலத்தில் என்பவை சிறிய கேள்விகளல்ல. சட்டத்தின் கண்ணில் மனிதன் முகவரியோடு பிணைக்கப்பட்டவன். வண்டியோட்ட இயலாமற் போன உறுப்பினர் தம் வண்டியிலேயே தங்கிப் பராமரிப்புப் பெற ஒரு நிலையத்தையும் அதே ஊரில் அச்சங்கம் ஏற்படுத்தியது. ஓடுவதற்கென்று பிறந்த சங்கம் நிற்பதற்கும் ஓரிடம் தேட வேண்டியிருந்தது.

2008இல் இக்கதையின் நிழல் வெளிப்பட்டது. வீட்டுக்கடன் சந்தை சரிந்தது. அவ்வாண்டுக் கோடையில் பெட்ரோல் விலை நாட்டுச் சராசரியாக கேலனுக்கு 4 டாலரைத் தாண்டியது. வண்டிவீட்டுத் தொழிலின் தலைநகரான இந்தியானா மாநிலத்து எல்கார்ட்டில் வேலையின்மை 2009இல் 20 விழுக்காட்டை நெருங்கியது. வீட்டையும் சேமிப்பையும் இழந்த முதியோர் சிலருக்கு வண்டியே எஞ்சிய கூரையாயிற்று. அமேசான் கிடங்குகளிலும் சர்க்கரை பீட் அறுவடையிலும் முகாம் மேற்பார்வையிலும் பருவத்துக்குப் பருவம் கூலி தேடி ஓடிய அவர்களைப் பற்றி ஜெசிக்கா புரூடர் 2017இல் 'நோமட்லேண்ட்' என்ற நூலை எழுதினார். குளோயி சாவ் இயக்கிய அதன் திரைவடிவம் 2021இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் பெற்றது. சாலையில் அருகருகே செல்லும் இரண்டு வண்டிகளில் ஒன்று விருப்பத்தின் வண்டி, மற்றொன்று வேறு வழியின்மையின் வண்டி. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வேறுபாடு தெரிவதில்லை. நம் பெற்றோரின் இரக்கம் அறிவீனம் என்று ஒதுக்கிவிட முடியாததும் இதனால்தான்.

2020இல் தொற்றுநோய் வந்தது. ஒரே வீட்டுக்குள் புழங்குவது முதியோர் உயிருக்கு ஆபத்து என்ற நிலையில், மகள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, சன்னல் வழியாகவும் புல்வெளியின் இரு முனைகளிலிருந்தும் பேரக்குழந்தைகளைப் பார்த்தவர்கள் பலர். 2021இல் அமெரிக்கத் தொழிற்சாலைகள் 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்.வி.களை அனுப்பின, அதுவரை காணாத எண்ணிக்கை அது. வாங்கியவர்களில் இளையோர் மிகுதி என்றாலும், உள்ளே வராமல் அருகிருக்கும் கலையைப் பல பத்தாண்டுகளாகப் பழகிவைத்திருந்தவர்கள் முதியவர்களே.

இப்பயணங்களின் முடிவைப் பெரும்பாலும் வயது தீர்மானிக்கிறது. கணவர் ஓட்ட, மனைவி வரைபடம் பார்க்க என்று இருவர் உடலுக்காகப் பிரிக்கப்பட்ட வேலை அது. இருவரில் ஒருவர் கண்ணோ காலோ தளரும்போது வண்டி விற்பனைக்கு வருகிறது. பெரிய வண்டியை ஓட்டக் கணவருக்கு நிகராகப் பழகிக்கொள்ளுமாறு மனைவியருக்கு அனுபவசாலிகள் சொல்லும் அறிவுரைக்குள் இந்த அச்சமே மறைந்திருக்கிறது. அதன்பின் சிலர் மகள் வாழும் ஊரிலேயே சிறு வீடெடுத்துத் தங்குகிறார்கள். சிலர் மகள் வீட்டுக்குள்ளேயே செல்கிறார்கள். பிள்ளைகள் வைத்துப் பார்த்துக்கொள்ள மாட்டார்களா என்ற கேள்விக்கு இந்த வரலாறு தரும் விடை இதுவாக இருக்கலாம்: பார்த்துக்கொள்கிறார்கள், பலர், ஆனால் பார்த்துக்கொள்ளப்படும் நாளைத் தாங்களே குறிக்க வேண்டும் என்று பெற்றோர் விரும்பினார்கள். ஓய்வூதியமும் சாலையும் சக்கரமும் சேர்ந்து அவர்களுக்கு அந்த நாளைச் சில ஆண்டுகள் தள்ளிப்போடும் வசதியைத் தந்தன. அவ்வசதி கிட்டியவர்கள் சாலையெல்லாம் சுற்றிவிட்டு வாசலுக்கு வந்தார்கள்; கிட்டாதவர்கள் சிலருக்கு வாசலே இல்லாமற் போயிற்று.