பொப்லர் நகராண்மைக் கழகம்: 1919ஆம் ஆண்டுத் தேர்தலும் அதன் விளைவும்

இலண்டன் மாநகர் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன அரண்மனையும், நாடாளுமன்றக் கட்டடமும், அதன் பெரிய மணிக்கூண்டும்தாம். பள்ளிப் பாடநூல்களிலும் அவற்றின் படங்களையே காண்கிறோம். ஆனால் அதே இலண்டனின் கிழக்குப் பகுதியில், தேம்ஸ் நதியின் கரையில், பொப்லர் என்றோர் ஏழை வட்டாரம் இருந்தது. அங்கே 1919ஆம் ஆண்டில் நடந்த ஒரு நகராண்மைத் தேர்தலைப் பற்றியும், அத்தேர்தலில் வென்றவர்கள் இரண்டே ஆண்டுகளில் சிறைக்குச் சென்ற காரணத்தைப் பற்றியும் இன்று நாம் பேசவிருக்கிறோம்.

பொப்லர் வட்டாரத்தில் அக்காலத்தில் ஏறத்தாழ 1,60,000 மக்கள் வாழ்ந்தனர். அவர்களில் பலர் துறைமுகத் தொழிலாளர்கள். மேற்கிந்தியத் துறை, கிழக்கிந்தியத் துறை, மில்வால் துறை ஆகிய கப்பல் துறைகள் அவ்வட்டாரத்திலேயே இருந்தன. உலகத்தின் நான்கு திசைகளிலிருந்தும் சரக்குகள் இலண்டன் துறைகளில் வந்து இறங்கின. அவற்றுள் நம் மலாயா ரப்பரும் ஒன்று. நம் பாட்டன் பாட்டி காலத்தில் இங்கே சீவியெடுத்த பால், ஷீட்டாகிப் புகைக்கூடம் கண்டு, பெட்டியில் அடைபட்டுக் கப்பலேறி அங்கே போய்ச் சேர்ந்தது. இங்கே ஏற்றியவரும் அங்கே இறக்கியவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை.

துறைமுக வேலை நிலையான வேலையன்று. நம் தோட்டங்களில் விடியற்காலையில் பெரட்டு நடந்தபோது பெயர் கூப்பிடுவார்கள். பெயர் செக்ரோலில் இருக்கும். பொப்லரில் அப்படி ஒரு பட்டியலே கிடையாது. காலையில் துறைமுக வாயிலில் நூற்றுக்கணக்கான ஆண்கள் திரண்டு நிற்பார்கள். மேற்பார்வையாளர் வந்து, தமக்கு வேண்டிய சிலரைப் பொறுக்கியெடுப்பார். மற்றவர்கள் வீடு திரும்ப வேண்டியதுதான். கப்பல் வராத வாரத்தில் எவருக்கும் கூலி இல்லை. தோட்டத்து மழைக்காலம் எப்படியிருக்கும் என்று அறிந்த தாய்மார்களுக்கு இதைப் பற்றி நாம் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

இனி, நகராண்மைக் கழகம் என்பது என்ன என்று பார்ப்போம். 1899ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இலண்டன் மாநகர் 28 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கழகம். மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை தேர்தல். தெரு விளக்கு, குப்பை, பொதுக் குளியலறை, நூல் நிலையம், தொழிலாளர் குடியிருப்பு ஆகியவை கழகத்தின் பொறுப்பில் இருந்தன. இவற்றுக்கெல்லாம் பணம் மதிப்பீட்டு வரியிலிருந்து வந்தது. ஒரு வீடு ஆண்டுக்கு என்ன வாடகை பெறும் என்று மதிப்பிட்டு, அந்த மதிப்பில் ஒவ்வொரு பவுனுக்கும் இத்தனை ஷில்லிங் இத்தனை பென்னி என்று வசூலிப்பார்கள். நம் நாட்டிலும் 1951இல் ஜார்ஜ் டவுனிலும் 1952இல் கோலாலம்பூரிலும் இத்தகைய நகராண்மைத் தேர்தல்கள் நடந்தன. 1965இல் அவை நிறுத்தப்பட்டன.

பொப்லர் கழகம் நெடுநாள் வணிகர்கள், வீட்டு உரிமையாளர்கள், செல்வாக்குள்ள கனவான்கள் ஆகியோரின் கையிலேயே இருந்தது. தொழிற்கட்சியினர் சிலர் மட்டும் உறுப்பினராயிருந்தனர். ஜார்ஜ் லான்ஸ்பரி என்பவர் அவர்களில் முக்கியமானவர். மரக்கிடங்கு நடத்தியவர், நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்பதற்காக 1912இல் தம் நாடாளுமன்றப் பதவியைத் துறந்து, அதே பிரச்சினையை முன்வைத்து மீண்டும் போட்டியிட்டுத் தோற்றுப்போனார். தோற்பதற்கு அஞ்சாத அவரைப் பொப்லர் மக்கள் விட்டுவிடவில்லை.

1914இல் முதல் உலகப் போர் மூண்டதால் 1915ஆம் ஆண்டுத் தேர்தல் ஒத்திவைக்கப்பட்டது. போர் முடிந்த பிறகு 1919 நவம்பரில்தான் மக்கள் வாக்களித்தனர். இடைப்பட்ட காலத்தில் ஒரு பெரிய மாறுதல் நிகழ்ந்திருந்தது. 1918ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வாக்காளர் தொகையைப் பெருக்கிவிட்டது. வாடகை வீட்டில் குடியிருப்பவரின் மனைவியும் 30 வயது நிறைந்திருந்தால் நகராண்மைத் தேர்தலில் வாக்களிக்கலாம் என்றாயிற்று. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதற்கு முன்னர், வறுமையால் பொது நிதியிலிருந்து உதவி பெற்றவர் தம் வாக்குரிமையை இழந்துவிடுவார். பசிக்குக் கைநீட்டினால் வாக்குப் போயிற்று! அந்தக் கொடுமையையும் 1918ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது.

தேர்தல் முடிவு பலருக்கும் திகைப்பூட்டியது. மொத்தம் 42 இடங்கள். அவற்றுள் 39 இடங்களைத் தொழிற்கட்சி வென்றது. துறைமுகத் தொழிலாளர், இரயில்வே ஊழியர், அஞ்சல் ஊழியர், வண்டியோட்டி என்று உழைப்பாளிகள் மன்ற நாற்காலிகளில் அமர்ந்தனர். லான்ஸ்பரி மேயரானார். பக்கத்து வட்டாரங்களான ஸ்டெப்னியிலும் பெத்னல் கிரீனிலும் கூட அதே கட்சிக்கே வெற்றி. ஸ்டெப்னியில் அப்போது மேயரான கிளெமண்ட் அட்லி 1945இல் பிரிட்டனின் பிரதமரானார் என்பதை நேயர்கள் நினைவில் கொள்ளலாம்.

புதிய கழகம் வேலையைத் தொடங்கியது. வீடுகள் கட்டப்பட்டன. தாய் சேய் நலத்துக்கு ஏற்பாடு செய்யப்பட்டது. 1920இல் கழக ஊழியர்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் வாரம் 4 பவுன் என்று முடிவு செய்தனர். ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே 4 பவுன். ஆண்பேர் என்றும் பெண்பேர் என்றும் கூலியில் வேறுபாடு காட்டிய தோட்டக் கணக்குகளை அறிந்தவர்கள் இதன் அருமையை உணர்வார்கள்.

ஆனால் நல்ல நாள் நீடிக்கவில்லை. 1920ஆம் ஆண்டின் இறுதியில் உலக வாணிபம் சரிந்தது. இங்கே ரப்பர் விலை வீழ்ந்து, தோட்டங்களில் ஆட்குறைப்பு நடந்து, நம்மவர் பலர் ஊருக்குக் கப்பலேற்றப்பட்டதும் அதே சரிவினால்தான். அங்கே துறைகளில் கப்பல் குறைந்தது. வேலையற்றோர் தொகை ஏறிக்கொண்டே போயிற்று. அக்காலச் சட்டப்படி ஒவ்வொரு வட்டாரமும் தன் ஏழைகளைத் தானே காப்பாற்ற வேண்டும். பிணக்கின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இதைச் சற்று விளக்கிச் சொல்வோம். ஒரு தோட்டத்தில் இரண்டு டிவிஷன்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் துரை பங்களாவும் கிராணிமார் வீடுகளும். மற்றதில் லயங்கள் மட்டும். ஒவ்வொரு டிவிஷனும் தன் நோயாளிகளுக்கும் வேலையில்லாதவர்களுக்கும் தானே பணம் திரட்ட வேண்டும் என்று சொன்னால் என்ன ஆகும்? பங்களா இருக்கும் இடத்தில் உதவி கேட்பவரே இல்லை. லயத்திலோ கேட்பவர் மிகுதி, கொடுப்பவர் இல்லை. இலண்டனில் நடந்தது இதுதான். பவுனுக்கு ஒரு பென்னி வரி விதித்தால், அரண்மனையும் பெருங்கடைகளும் நிறைந்த வெஸ்ட்மின்ஸ்டரில் ஏறத்தாழ 30,000 பவுன் கிடைத்தது. பொப்லரில் மூவாயிரத்துச் சொச்சம்தான். பணக்கார வட்டாரத்தில் வரி குறைவு. ஏழை வட்டாரத்தில் வரி மிகுதி. இதற்கு மேல், மாநகர் முழுமைக்கும் பொதுவான இலண்டன் மாவட்ட மன்றம், காவல் துறை, குடிநீர் வாரியம், மருத்துவமனை வாரியம் ஆகியவற்றுக்கும் ஒவ்வொரு கழகமும் வசூலித்துக் கட்ட வேண்டியிருந்தது.

1921 மார்ச்சில் பொப்லர் கழகம் ஒரு துணிச்சலான முடிவுக்கு வந்தது. அந்தப் பொது அமைப்புகளுக்கான வரியை வசூலிப்பதில்லை. தங்கள் வட்டாரச் செலவுக்கும் ஏழைகளுக்குமான வரியை மட்டுமே வசூலிப்பது. செல்வமுள்ள வட்டாரங்களும் ஏழைகளின் சுமையில் பங்கேற்க வேண்டும் என்பதே கோரிக்கை. மாவட்ட மன்றமும் மருத்துவமனை வாரியமும் வழக்குத் தொடுத்தன. ஜூலை 29ஆம் நாள் உறுப்பினர்கள் உயர் நீதிமன்றத்துக்குக் கால்நடையாகவே புறப்பட்டனர். முன்னே கழகத்தின் செங்கோலை ஏந்திய பணியாளர், பின்னே வாத்தியக் குழு, அதன் பின்னே மேயர் சாம் மார்ச்சும் உறுப்பினர்களும், அவர்களைத் தொடர்ந்து ஏறத்தாழ 2,000 பொதுமக்கள். தாங்கள் நீதிமன்றத்துக்கும் ஒருவேளை சிறைக்கும் செல்வதாகப் பதாகையிலேயே எழுதியிருந்தனர்.

நீதிமன்றம் வரியைக் கட்டும்படி ஆணையிட்டது. அவர்கள் கட்டவில்லை. செப்டம்பர் முதல் வாரத்தில் கைது தொடங்கியது. மொத்தம் 30 பேர் சிறை புகுந்தனர். ஆண்கள் பிரிக்ஸ்டன் சிறையிலும், ஐந்து பெண்கள் ஹாலோவே சிறையிலும் அடைக்கப்பட்டனர்.

அந்த ஐந்து பெண்களைப் பற்றிச் சற்று நின்று பேசத்தான் வேண்டும். மின்னி லான்ஸ்பரி, பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றியவர். ஜார்ஜ் லான்ஸ்பரியின் மருமகள். மாமனார், கணவர், மருமகள் என்று ஒரே குடும்பத்தில் மூவர் சிறையிலிருந்தனர். ஜூலியா ஸ்கர் தம் கணவருடன் ஒரே வழக்கில் சிறை சென்றவர். சூசன் லாரன்ஸ் செல்வக் குடும்பத்தில் பிறந்து, உயர்கல்வி கற்று, முதலில் பழைமைக் கட்சியில் இருந்தவர். பள்ளிகளைக் கூட்டித் துடைக்கும் பெண்களின் அற்பக் கூலியைக் கண்டு மனம் மாறித் தொழிலாளர் பக்கம் வந்தவர். ஜென்னி மக்கே நான்காமவர். ஐந்தாமவரான நெல்லி கிரெஸ்ஸல் அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. அவரைச் சிறையில் வைத்திருப்பது அதிகாரிகளுக்கே சங்கடமாகிவிட்டது; மற்றவர்களுக்கு முன்பே அவரை வெளியே அனுப்பிவிட்டனர்.

சிறைக்கு வெளியே மக்கள் திரண்டு பாடினர். லான்ஸ்பரி சன்னல் கம்பிகளின் வழியே அவர்களிடம் பேசினார். சிறையிலிருந்தாலும் அவர்கள் உறுப்பினர்களே அல்லவா? கழகக் கூட்டங்களைப் பிரிக்ஸ்டன் சிறைக்குள்ளேயே நடத்த வேண்டும் என்று போராடி அனுமதி பெற்றனர். ஹாலோவேயிலிருந்து பெண் உறுப்பினர்கள் வண்டியில் அழைத்து வரப்பட்டனர். கைதிகள் கூடித் தீர்மானம் நிறைவேற்ற, வெளியே தெருவிளக்கு எரிந்தது, குப்பை அள்ளப்பட்டது. இதற்கிடையே பெத்னல் கிரீனும் ஸ்டெப்னியும் பொப்லரைப் பின்பற்றத் தீர்மானித்தன. அரசாங்கம் இறங்கி வந்தது. ஆறு வாரங்களுக்குப் பின், அக்டோபர் 12ஆம் நாள் அனைவரும் விடுதலை பெற்றனர். அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே, ஏழைகளுக்கான உதவித் தொகையின் செலவை இலண்டன் வட்டாரங்கள் அனைத்தும் பகிர்ந்துகொள்ள வழிசெய்யும் சட்டம் பிறந்தது.

சட்டத்தை மீறியது சரியா என்று கேட்பவர்கள் உண்டு, அன்றும் இருந்தார்கள். அவர்கள் கட்சியிலேயே, பக்கத்து ஹாக்னி வட்டாரத்தின் மேயரான ஹெர்பர்ட் மோரிசன் இவ்வழியை ஏற்கவில்லை. ஒரு கழகம் சட்டத்தை மீறினால் நாளை வேறொரு கழகம் ஏழைகளுக்கு எதிராக மீறாதா என்பது எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று. ஆயினும் பொப்லர்காரர்கள் எதையும் மறைத்துச் செய்யவில்லை. ஒரு காசையும் தமக்கென எடுக்கவில்லை. தண்டனையை முன்கூட்டியே அறிந்து, பதாகையில் எழுதிக்கொண்டு சென்றனர். அதனால்தான் நாம் அவர்கள் பக்கம் சாய்கிறோம்.

எல்லாவற்றிலும் அவர்கள் வென்றார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். விலைவாசி இறங்கிய பிறகும் 4 பவுன் சம்பளத்தைக் குறைக்காததற்காகக் கணக்காய்வாளர் உறுப்பினர்கள் மீது 5,000 பவுன் அபராதத் தொகை சுமத்தினார். வழக்கு மேல்முறையீடாகப் பிரபுக்கள் சபை வரை சென்றது. பெண்ணுக்கு ஆணுக்கு நிகரான சம்பளம் என்பது மிகையானது என்ற நோக்கில், 1925இல் நீதிபதிகள் கழகத்துக்கு எதிராகவே தீர்ப்பளித்தனர். சம கூலிக்குச் சட்டம் பிரிட்டனில் வந்தது 1970இல்தான்.

மின்னி லான்ஸ்பரி விடுதலைக்குப் பிறகு நெடுநாள் வாழவில்லை. நிமோனியாக் காய்ச்சல் கண்டு 1922 ஜனவரி முதல் நாள் காலமானார். அவருக்கு வயது 32. பௌ சாலையில் ஒரு கட்டடத்தின் முகப்பில் அவர் நினைவாக ஒரு கடிகாரம் வைக்கப்பட்டது. நிறைமாதத்தில் சிறை சென்ற நெல்லி கிரெஸ்ஸல் 1943இல் பொப்லரின் மேயரானார். 1965இல் பொப்லர், ஸ்டெப்னி, பெத்னல் கிரீன் மூன்றும் ஒன்றாக்கப்பட்டு டவர் ஹேம்லட்ஸ் என்ற புதிய வட்டாரம் உருவாயிற்று.