மானியமும் மேளமும்: முத்துலட்சுமி ரெட்டியின் சட்டசபைப் பணியும் 1947ஆம் ஆண்டுச் சட்டமும்

அம்ரித் ஸ்ரீனிவாசன் 1985 நவம்பரில் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’ இதழில் எழுதிய கட்டுரையைத் தொடாமல் தேவதாசி ஒழிப்பைப் பற்றி யாரும் எழுதிவிட முடியாது. நானும் அதைப் படித்துத்தான் இந்தப் பொருளுக்குள் வந்தேன். சீர்திருத்தக்காரர்கள் தேவதாசியை அகற்றினார்கள், கலையை மீட்க வந்தவர்கள் அவளுடைய ஆடலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், எதிரிகளாகத் தெரிந்த இரு தரப்பும் ஒரே வேலையைப் பங்கிட்டுச் செய்தன என்பது அவர் வாதத்தின் சாரம். இதில் எனக்குப் பெரிய மறுப்பில்லை. சட்டங்களை அவர் படிக்கும் முறையில்தான் மறுப்பு. 1890களில் கிளம்பிய நாட்ச் (ஆடல் மகளிர் நிகழ்ச்சி) எதிர்ப்பு இயக்கம், 1927 முதல் 1930 வரை சென்னைச் சட்டசபையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி செய்த வேலை, 1947ஆம் ஆண்டுத் தடைச் சட்டம் ஆகிய மூன்றும் அவரிடம் ஒரே கோடாக ஓடுகின்றன. கோடு 1947க்கு வந்து சேரும்போது வழக்கம் ஏற்கெனவே ஓய்ந்துவிட்டது, சட்டம் வெறும் சம்பிரதாயம் என்ற முடிவு கிடைக்கிறது.

இந்தக் கோட்டை ஏற்றுக்கொண்டால் முத்துலட்சுமி 1947 சட்டத்தின் தாயாகிவிடுகிறார். மேடைகளில் அப்படித்தான் சொல்கிறோம். மேடை என்றதும், சட்டசபையில் தம்மை எதிர்த்த காங்கிரஸ்காரர் சத்தியமூர்த்திக்கு அவர் கொடுத்ததாகச் சொல்லப்படும் பதிலடி நினைவுக்கு வரும். ஆளுக்கொரு வாசகமாக வழங்கும் அதை நான் இங்கே சான்றாகக் கொள்ளவில்லை. கொள்வது இரண்டு சட்டங்களின் வாசகத்தை மட்டும்.

முதலில் 1929. முத்துலட்சுமி 1926 தேர்தலுக்குப் பின் நியமன உறுப்பினராகச் சபைக்கு வந்தவர். தொகுதியும் கட்சியும் அவருக்குப் பின்னால் இல்லை. 1927 தொடக்கத்தில் ஒருமனதாகத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவ்வாண்டு நவம்பரில் அவர் கொண்டுவந்த தீர்மானம், பெண்களைக் கோயிலுக்கு ஒப்புக்கொடுக்கும் வழக்கத்தை நிறுத்த அரசு சட்டம் இயற்ற வேண்டும் என்று கேட்டது. தன்னால் முடியாதென்றால் மத்திய அரசுக்காவது பரிந்துரைக்க வேண்டும் என்றும் அதில் சேர்த்திருந்தார். இந்த இரண்டாம் பகுதியைப் பெரும்பாலோர் கடந்து போய்விடுகிறார்கள். இரட்டை ஆட்சியில் ஒரு மாகாண உறுப்பினருக்கு இருந்த இடம் எவ்வளவு என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு அதுவே அடையாளம். சமய அறநிலையங்கள் இந்திய அமைச்சர்களிடம் விடப்பட்ட ‘மாற்றப்பட்ட’ துறை. காவலும் நீதியும் ஆளுநரின் நிர்வாகக் குழுவிடம் ‘ஒதுக்கப்பட்ட’ துறைகள். குற்றவியல் சட்டத்தின் பக்கம் போனால் முட்டுக்கட்டை. சிறுமிகளை விபசாரத்துக்கு விற்பதைத் தண்டிக்கும் 372, 373 பிரிவுகள் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் ஏற்கெனவே இருந்தன, புதிதாக எதற்கு என்ற பதிலும் தயாராக இருந்தது.

அவர் தேர்ந்த வழி அறநிலையச் சட்டம். 1926இல் சபையில் நிறைவேறி 1927இன் இரண்டாம் சட்டமாக வந்த இந்து சமய அறநிலையச் சட்டத்தில் 44-ஏ என்ற புதுப் பிரிவு 1929இன் ஐந்தாம் சட்டத்தால் நுழைந்தது. அது எதையும் தடை செய்யவில்லை. யாரையும் சிறைக்கு அனுப்பவில்லை. கோயிலில் ஊழியம் செய்வதற்காக ஒரு தேவதாசி அனுபவித்துவந்த நிலத்தை, ஒரு சலுகைத் தீர்வையை விதித்து, ஊழிய நிபந்தனையிலிருந்து விடுவித்தது. அதன்பின் அவள் கோயிலுக்கு வரவில்லை என்று யாரும் நிலத்தைப் பிடுங்க முடியாது. நிலம் இல்லாமல் நிலவருவாய் மட்டும் மானியமாக இருந்தால் விதி வேறு. அவள் ஆயுள் வரை ஊழியமின்றி அவளுக்கு, பிறகு கோயிலுக்கு. மானிய நிலங்களை ஆராய்ந்த இனாம் கமிஷன் காலத்திலிருந்து வருவாய்த் துறை கையாண்ட பழைய கருவி இது. ஊர் ஊழிய மானியங்களுக்குச் செய்ததை ஒரு மருத்துவர் கோயில் மானியத்துக்குச் செய்யவைத்தார். பெண்ணைக் கோயிலுக்கு ஒப்புக்கொடுக்கும் பொட்டுக்கட்டு வழக்கத்தின் வேர் ஒழுக்கத்தில் இல்லை, மானியத்தில் இருக்கிறது என்று அவர் கண்டுகொண்டதாகவே இதை நான் படிக்கிறேன். அவருடைய பேச்சுகள் இதற்கு மாறாக ஒழுக்கத்தையே முழங்குகின்றன என்பது உண்மை. ஆனால் ஒரு சட்டமன்ற உறுப்பினரை அவர் பேச்சைக் கொண்டு அளப்பதா, இயற்றிய பிரிவைக் கொண்டு அளப்பதா?

இந்த ஏற்பாட்டினால் தேவதாசிச் சமூகத்து ஆண்களுக்குச் சொத்தில் ஆதாயம் வந்தது என்று ஸ்ரீனிவாசன் சொல்வதை மறுப்பதற்கில்லை. ஊழியத்தோடு ஒட்டிப் பெண் வழியாக வந்த நிலம், ஊழியம் கழன்றதும் சாதாரணச் சொத்தாகிவிடும். அப்போது தம்பியும் மாமனும் பங்குக்கு வருவார்கள். 1927–28இல் சென்னைத் தேவதாசிகள் அரசுக்கு விண்ணப்பம் எழுதித் தங்கள் உரிமைகளுக்காக வாதாடியபோது அவர்களுக்கும் இது தெரிந்திருக்கும். ஆனாலும் அந்த வாதம் 1929இல் என்ன நடந்தது என்பதற்கு விளக்கமாகுமே தவிர, 1947க்கு விளக்கமாகாது.

1947 சட்டத்தின் 3ஆம் பிரிவு, 2ஆம் உட்பிரிவில் ஒரு பெயர்ப் பட்டியல் வருகிறது. ஊர்வலத்திலோ வேறிடத்திலோ மேளம், ஆடல், பாடல் இவற்றில் ஈடுபட்ட பெண் விபசார வாழ்வை ஏற்றவளாகக் கருதப்பட்டு மணம் புரியத் தகுதியற்றவளாகும் வழக்கம் எந்தெந்தச் சமூகங்களில் உண்டோ, அவற்றுக்கு உதாரணமாகச் சட்டம் ஆறு பெயர்களைச் சொல்கிறது: போகம், கலாவந்துலு, சானி, நாகவாசுலு, தேவதாசி, கூர்மபுலு. ‘தேவதாசி’யைத் தவிர மற்றவை ஆந்திரப் பகுதியின் பெயர்கள். அந்த ஆண்டுகளில் தமிழ் மாவட்டங்களில் நிலைபெற்றுவந்த ‘இசை வேளாளர்’ இந்தப் பட்டியலில் இல்லை. அதே சட்டத்தின் வரையறைப் பகுதியில் ஒப்புக்கொடுத்தல் சடங்குகளை அடுக்கும்போது ‘பொட்டுக்கட்டு’ என்ற தமிழ்ச் சொல் முதலிலேயே நிற்கிறது. சடங்குக்குத் தமிழ்ப் பெயர் தெரிந்தவர்களுக்குச் சமூகத்துக்கு மட்டும் தமிழ்ப் பெயர் தெரியாமல் போனதா?

என்னை இன்னும் நிறுத்தி வைத்தது ‘மேளம்’ என்ற சொல். சட்டம் அதை எழுதி, பக்கத்திலேயே அடைப்புக்குள் ‘நாட்ச்’ என்று விளக்கம் தருகிறது. தெலுங்கில் ‘போகம் மேளம்’ என்றால் ஆடல் மகளிர் குழு. அங்கே இந்தச் சொல் தானாகவே ஆடலைச் சுட்டும். தஞ்சாவூர்ப் பக்கம் வெறுமனே ‘மேளம்’ என்றால் காதில் விழுவது நாகசுரமும் தவிலும். ஆடலைச் சொல்ல ‘சின்ன மேளம்’ என்று பிரித்தே சொல்லியாக வேண்டும். பெரிய மேளம், சின்ன மேளம் என்ற இந்த வேறுபாட்டை ஆய்வுலகில் அழுத்தமாக முன்வைத்தவர் அம்ரித் ஸ்ரீனிவாசனே என்பதுதான் வேடிக்கை. தமிழ் மாவட்டத்து வழக்கறிஞர் ஒருவர் இந்த வரியை எழுதியிருந்தால், கோயில் நாகசுரக்காரர்களைச் சட்டத்துக்குள் இழுத்துவிடும் அபாயம் உடனே உறைத்து ‘சின்ன’ என்பதைச் சேர்த்திருப்பார் என்று நான் துணிகிறேன்.

சான்று மெலிது என்று எனக்கே தெரியும். ‘போன்ற’ என்று சட்டம் சொல்வதால் பட்டியல் முழுமையானதல்ல என்று ஒருவர் சொல்லலாம். ‘தேவதாசி’ என்ற பொதுப்பெயரே தமிழ் மாவட்டத்தாரைக் குறிக்க வைக்கப்பட்டது என்று வேறொருவர் சொல்லலாம். தென்னிந்தியச் சாதிகளைப் பற்றிய தம் 1909ஆம் ஆண்டுத் தொகுப்பில் தர்ஸ்டன் அந்தத் தலைப்பில்தான் தமிழ்த் தாசிகளைப் பற்றி எழுதுகிறார். 3ஆம் உட்பிரிவு எந்தச் சமூகத்தையும் சொல்லாமல், கோயில் வளாகத்திலும் சுவாமி ஊர்வலத்திலும் பெண் ஆடுவதையே சட்டவிரோதமாக்குகிறது. அது தெலுங்குக்கும் தமிழுக்கும் பொது. ஆகவே என் வாதம் இரண்டாம் உட்பிரிவுக்கு மட்டுமே பொருந்தும். அந்த அளவில் அது போதும். தமிழ்ப் பகுதியில் களப்பணி செய்த ஸ்ரீனிவாசனுக்கு 1947 சட்டம் செத்த பாம்பை அடித்ததாகத் தெரிந்திருக்கலாம். அந்த உட்பிரிவின் கண் வேறு மாவட்டங்களின் மேல் இருந்தது. அங்கே கலாவந்துலுப் பெண்களின் ஆடலை ஓய்ந்துபோனதாகக் கருதியிருந்தால் இவ்வளவு பெயர்களை அடுக்கியிருக்கத் தேவையில்லை.

இதை 44-ஏ பிரிவோடு ஒப்பிட்டால் வேறுபாடு கண்ணைக் குத்தும். 1929இல் தேவதாசி என்பவள் கோயில் ஊழியத்துக்கு ஒப்புக்கொடுக்கப்பட்ட, மணமாகாத இந்துப் பெண். சாதிப் பெயர் எதுவும் அங்கே இல்லை. கோயிலோடும் நிலத்தோடும் அவளுக்குள்ள உறவே வரையறை. 1947இல் ஆடலும் சாதியும் சட்டத்துக்குள் வந்துவிட்டன, நிலம் வெளியே போய்விட்டது. தண்டனைப் பிரிவின் விளக்கக் குறிப்பு, சடங்கு யாருக்குச் செய்யப்படுகிறதோ அந்தப் பெண்ணையும் பதினாறு வயது நிரம்பியிருந்தால் குற்றவாளிகளோடு சேர்க்கிறது: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

முத்துலட்சுமியைக் காப்பாற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. 1930 ஜனவரியில் ஒப்புக்கொடுத்தலையே தடுக்கும் மசோதாவைக் கொண்டுவந்தவர் அவர்தான். அவ்வாண்டே காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவி விலகினார், மசோதா நின்றுபோனது. 1932இல் ஆடலுக்காக வாதாடிய ஈ. கிருஷ்ண ஐயரோடு பத்திரிகையில் மோதியவரும் அவரே. தேவதாசிக் குலத்தில் பிறந்த சந்திரம்மாளின் மகளான அவருக்கு அந்த ஆடலின் மேல் எந்த மயக்கமும் இருக்கவில்லை. ஆனால் தடை அவருக்கு மூன்றாவது படி. தீர்மானம், நில விடுவிப்பு, தடை என்பது அவர் வைத்த வரிசை. நிலத்தை முன்னால் வைத்ததில் ஒரு கணக்கு இருந்தது. பதினேழு ஆண்டுகள் கழித்து வந்தவர்கள் கடைசிப் படியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இடையில் தொடர்ச்சி அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது: 1929இல் முதலமைச்சராக இருந்த பி. சுப்பராயன் 1947இல் முதல்வர் ஓமந்தூராரின் அமைச்சரவையிலும் இருந்தார்.

தேதி விவரம் ஒன்று தீராமல் நிற்கிறது. 1947 சட்டம் அக்டோபர் 9இல் நிறைவேறியதாகச் சிலரும் நவம்பர் 26இல் என்று சிலரும் எழுதுகிறார்கள். அரசிதழில் வந்தது 1948 ஜனவரியில். முதல் தேதி மசோதாவின் வேறொரு கட்டத்தைக் குறிப்பதாக இருக்கலாம். நான் நவம்பர் தேதியின் பக்கம் சாய்கிறேன், உறுதியாகச் சொல்லமாட்டேன்.

44-ஏ பிரிவு 1947ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஒருபோதும் சேர்க்கப்படவில்லை. 1951ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்துக்கும் அதிலிருந்து 1959ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் அது கோயில் சொத்து விவகாரமாகவே கைமாறிப் போயிற்று. ஆடலைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்த அறநிலையச் சட்டப் புத்தகத்தைப் பிரிப்பதில்லை. கோயில் நில வழக்குக்காக அதைப் பிரிக்கும் வக்கீல்களுக்கோ தேவதாசி என்பது இனாம் வகைகளில் ஒன்று.